மாமாவின் லோரியும் மத்திய வங்கியும்

என் தாய்மாமா பன்றி லோரி ஓட்டினார். இதைச் சொல்ல எனக்கு ஒரு காலத்தில் கூச்சமாக இருந்தது. நான் வேலை பார்த்த நிதி நிறுவனத்தில் யாராவது "உங்க மாமா என்ன வேலை?" என்று கேட்டால் "டிரான்ஸ்போர்ட்" என்பேன். இதை மாமாவிடமே ஒருநாள் சொல்லிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டிரான்ஸ்போர்ட்டா? நல்லா இருக்கு லா. பன்னிங்ககிட்டயும் சொல்லிடறேன், இனிமே நீங்கல்லாம் பேசெஞ்சர்ன்னு."

அப்படிச் சிரிக்கத் தெரிந்த மனிதர். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா முன்பே இல்லை, கல்யாணமான மறுவருஷமே அம்மாவும் போய்விட்டார். அதன் பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் சுங்கை ரம்பாயில் இருந்த மாமா வீடுதான். நான் பெரியவளானபோது சீர் கொண்டுவந்தவர் அவர். கல்யாணத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளை விற்று வளையல் போட்டவரும் அவர்தான். "மாமன் கை எப்பவும் மேல இருக்கணும்" என்பார். கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும் என்பது அவர் கணக்கு. நான் சம்பளம் வாங்கத் தொடங்கிய புதிதில் தீபாவளிக்கு அவருக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். ஆனால் நான் பஸ் ஏறுவதற்குள் சட்டையின் விலைக்கு இரண்டு மடங்கு பணத்தை என் கைப்பையில் திணித்துவிட்டார். சட்டை வாங்கிக் கொடுத்து லாபம் பார்த்த மருமகள் மலாக்கா மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாமா முதலில் நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்து லோரியில் குலை ஏற்றிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், பண்ணைக்குப் பன்றி லோரி ஓட்டப் போனார். சம்பளம் அதிகம், நாற்றமும் அதிகம். லோரியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தானும் குளித்து, பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது அத்தை போட்ட சட்டம். தொண்ணூற்றாறாம் வருஷம் தவுக்கே, "லோரிய நீயே வாங்கிக்க, ஓட்டத்துக்கு இவ்வளவுன்னு கொடுத்துடறேன்" என்று சொன்னதும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று எங்கள் கிளைக்கு வந்து நின்றார்.

அப்போது கடன் கொடுக்க எல்லாரும் துடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு 'கார் வேண்டுமா, வீடு வேண்டுமா' என்று கேட்காத குறை. எங்கள் மேனேஜர் யாழ்ப்பாணத் தமிழர். அளந்து பேசுவார், அதைவிட அளந்து சிரிப்பார். மாமாவின் விண்ணப்பத்தை என் மேசையில் பார்த்ததும் அதை எடுத்துப் பக்கத்து மேசை மலாய் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

"சொந்தக்காரரின்ர கோப்பை நீர் தொடக் கூடாது, பிள்ளை. கண்ணாலும் பாக்கக் கூடாது. அதுதான் சட்டம்."

சட்டம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன். தொட விட்டிருந்தால் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு நான் கடன் கொடுத்திருப்பேன், மீதிப் பாதி சண்டைக்கு வந்திருக்கும். மாமாவுக்குக் கடன் கிடைத்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு லோரியை எடுத்துப் போனார். பக்கத்தில் உட்கார என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. பஸ்ஸில் போனேன்.

மறுவருஷ நடுவில் வெள்ளி, அதாவது எங்கள் ரிங்கிட், சரியத் தொடங்கியது. டாலருக்கு எதிராக நம் பணம் விழுகிறது என்று தினமும் டிவியில் சொன்னார்கள். அது யாரோ கோலாலம்பூர்க்காரர்களின் சங்கதி என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். பிறகு மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. என் வீட்டுக் கடனின் மாதத் தவணை ஏறியது. என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது, பிறகு வாரத்தில் சில நாள் வேலையே நின்றது. வேலை போனவனிடம் கூடுதல் வட்டி கேட்பது, காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சியையும் நிறுத்துவது மாதிரி எனக்குப் பட்டது. மேனேஜரிடம் இதைச் சொன்னேன்.

"வட்டியைக் கூட்டினா காசு வெளியில ஓடாது எண்டு நினைக்கினம்," என்றார். "காசு நிண்ட மாதிரித் தெரியேல்லை. சனம்தான் ஓடுது."

கெட்ட கடன் என்பதற்கான கெடுவையும் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தார்கள். மூன்று மாதம் தவணை நின்றால் பெயர் கெட்டவன் பட்டியலில் ஏறிவிடும். புதுக்கடன் கிடையாது, பழைய கடனை விரட்டிப் பிடி என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அந்த வருஷம் நான் தட்டச்சு செய்த கடிதங்களில் 'வருந்துகிறோம்' என்ற சொல் இல்லாத கடிதமே இல்லை. ஆனால் கட்டடத்துக்குள் யாரும் வருந்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பயந்தோம், அவ்வளவுதான். எங்கள் வேலையும் போய்விடும் என்று பயந்தோம்.

மாமா மட்டும் குதூகலமாக இருந்தார்.

"வெள்ளி வுழுந்தா என்னா லா, பன்னி வுழுமா? டவுன்ல சாப்புடறத நிறுத்திடுவாங்களா?"

அவர் சொன்னதுதான் நடந்தது. தொழிற்சாலைக்காரர்கள் அடகுக்கடை வாசலில் நின்றபோது மாமாவின் லோரி ஒருநாள்கூட நிற்கவில்லை. தவணை ஒரு மாதமும் தவறவில்லை என்று மலாய் அக்காவே என்னிடம் பெருமையாகச் சொன்னார். கடன்காரர்களில் இவர் மாதிரி பத்துப் பேர் இருந்தால் நாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில் எல்லாம் தலைகீழாக மாறியது. டாலருக்கு இவ்வளவுதான் என்று வெள்ளியைக் கட்டிப்போட்டார்கள். வட்டி இறங்க ஆரம்பித்தது. மூன்று மாதக் கெடு மறுபடியும் ஆறு மாதமானது. நேற்றுவரை கையை மூடு என்று சொன்ன மத்திய வங்கி, இன்று கையைத் திற, கடன் கொடு என்றது. கஷ்டப்படுகிறவர்களின் தவணையைத் தள்ளிப் போடலாம், கடனைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று எங்கள் தலைமை அலுவலகமும் சொன்னது. அதற்கு முன் நாங்கள் யார் யாரிடமிருந்து லோரியைப் பிடுங்கினோமோ அவர்களை நினைத்தால் எனக்கு எங்கள் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் இனிமேலாவது விடிந்ததே என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் காய்ச்சல் வந்தது.

பக்கத்து மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். நினைவு தப்பிச் செத்தார்கள். முதலில் கொசு என்றார்கள். வீட்டுக்கு வீடு புகையடித்தார்கள், மாமாவைப் போன்றவர்களுக்கு ஊசி போட்டார்கள். மாமா ஊசி போட்ட கையைக் காட்டி, "இப்ப கொசுவுக்கு என்னைக் கண்டா பயம்" என்றார். பிறகு கொசு இல்லை, பன்றியிலிருந்து வருகிற வேறு ஏதோ என்றார்கள். பண்ணை பண்ணையாகப் பன்றிகளைச் சுட்டுக் குழியில் தள்ளுவதை டிவியில் பார்த்தோம். மாநிலத்துக்கு மாநிலம் பன்றி ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் நோய் வராவிட்டாலும் பசாரில் பன்றிக்கறியைத் தொட ஆளில்லை. தவுக்கே பண்ணையைப் பூட்டிவிட்டார். மாமாவின் லோரி நின்றது.

வேறு சாமான் ஏற்றலாமே என்று கேட்பீர்கள். அந்த லோரியில் யார் ஏற்றுவார்கள்? செர்காம், உம்பாய்ப் பக்கம் மீன் ஏற்றுகிற மலாய்க்காரர்கள் முன்பே அதன் பக்கம் வரமாட்டார்கள், அது அவர்கள் மார்க்கம், நியாயம். நம் ஆட்கள்தான் கொடுமை. வருஷா வருஷம் கோயில் திருவிழாவுக்கு நாற்காலியும் பாத்திரமும் ஏற்றி இறக்கியது மாமாவின் லோரிதான், அதுவும் இலவசமாக. அந்த வருஷம் கோயில்காரர்கள் வேறு லோரியை வாடகைக்குப் பிடித்தார்கள். மாமா லோரிக்குப் புதுச் சாயம் அடித்தார். சாயம் அடித்தாலும் ஊருக்கு அது பன்றி லோரிதான். ஒட்டுக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த மாதங்களில் நான் சனிக்கிழமை மத்தியானமானால் தோட்டம் தோட்டமாகப் போனேன். மேனேஜர்தான் அனுப்பினார். கடிதம் போட்டால் நம் ஜனங்கள் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், கடன் கடிதம் என்றாலே மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோயில் வளாகத்தில் நின்று சத்தம் போட்டுச் சொன்னேன்: தவணை கட்ட முடியாதவர்கள் வந்து கேளுங்கள், ஆறு மாதம் தள்ளிப் போடுவார்கள், தொகையைக் குறைத்து எழுதுவார்கள், ஆனால் நீங்களே வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். சிலர் வந்தார்கள். நிறையப் பேர் வரவில்லை. கடன் வாங்கும்போது வெள்ளைச் சட்டை போட்டு வந்தவர்களுக்கு, கட்ட முடியவில்லை என்று சொல்ல எந்தச் சட்டை போடுவது என்று தெரியவில்லை.

மாமாவிடமும் கேட்டேன். "தவணை எப்படி மாமா?"

"கட்டியாச்சு லா. கையில கொஞ்சம் இருக்கு. நீ சும்மா இரு."

கோப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை. சொன்னதை நம்பினேன்.

சித்திரையில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் வழக்கம். மகளுக்குத் தாய்மாமன் இல்லாததால் என் மாமாவின் மடிதான். என் கணவர் வீட்டார் இரண்டு வாரமாகவே முனகிக்கொண்டிருந்தார்கள். பன்றி ஏற்றின கை, பச்சைப் பிள்ளை, காய்ச்சல் என்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. லோரி நின்று எத்தனை மாதமாகிறது, அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை, அவர் மடி இல்லையென்றால் காதே குத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா வந்தார். புது வேட்டி. அத்தை கையில் தட்டு, கூட வந்தவர்கள் கையில் தட்டு. பழம், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, நடுத்தட்டில் ஒரு ஜோடி தங்கத் தோடு, கல் வைத்தது. நம் பணம் விழுந்ததிலிருந்து தங்கம் விலை ஏறிக் கிடந்த நேரம். எல்லாரும் தட்டை எட்டிப் பார்த்தார்கள். முனகியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் மாமா பலகையில் உட்காரவில்லை. ஓரமாக நின்று, "நீயே மடியில வச்சுக்கம்மா, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

நான் விடவில்லை. "மாமா, உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தான் ஆசாரி ஊசிய எடுப்பாரு," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மகளை அவர் மடியில் வைத்தேன். ஊசி இறங்கியதும் அவள் வீல் என்று கத்தினாள். மாமாவுக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கு அன்று ஏதோ பெரிய யுத்தத்தில் ஜெயித்த மாதிரி பெருமை. காய்ச்சலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கடன் கண்ணில் படவில்லை. கடன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஒருவனுடைய செருப்பைப் பார்த்தே அவன் தவணை கட்டுவானா மாட்டானா என்று சொல்லக்கூடிய நான், ஓட்டமில்லாத லோரிக்காரர் கல் வைத்த தோடு கொண்டுவந்ததைப் பார்த்து, மாமா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் லீவு முடிந்து வேலைக்குப் போனேன். எங்கள் கிளைக்குப் பின்னால் பறிமுதல் செய்த வண்டிகளை நிறுத்தும் இடம் உண்டு. அங்கே மாமாவின் லோரி நின்றது. கழுவித் துடைத்து, பளபளவென்று.

யாரும் பறிமுதல் செய்யவில்லை. நான் லீவில் இருப்பேன் என்று தெரிந்து மாமாவே ஓட்டிவந்து, மலாய் அக்காவிடம் சாவியைக் கொடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லையாம். அக்கா தவணையைத் தள்ளிப் போடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். "பரவாயில்லை, என் மருமகள் இங்கே வேலை செய்கிறாள், அவளுக்குப் பேர் கெடக் கூடாது" என்று மலாயில் சொன்னாராம். சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் மேனேஜர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். லோரியை ஏலத்துக்கு விட்டால் அந்த நேரத்தில் பன்றி லோரியை எவன் கேட்பான்? அடிமாட்டு விலைக்குப் போகும். விற்ற காசு போக மீதிக் கடன் மாமா தலையில் நிற்கும், கையில் லோரியும் இருக்காது. மேனேஜருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஏலத்துக்கு இன்னும் அனுப்பேல்லை," என்றார். "அவர் வந்து, திருத்தி எழுதித் தாங்கோ எண்டு கேட்டு, ஒரு தவணைக் காசு கட்டினாப் போதும். சாவியைத் திருப்பிக் குடுப்பன். அவற்ர வீட்டில போன் இல்லை எண்டு, ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு நானே போன் பண்ணி, திங்கட்கிழமை வரச் சொல்லிச் சொல்லியிருக்கிறன். நீர் இதுக்குள்ள வராதேயும், பிள்ளை. சும்மா இரும்."

சும்மா இருப்பது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

மாமா வீட்டு முன்னால், லோரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வா லா. பஸ்லயா வந்தே? டிரான்ஸ்போர்ட் இல்லாமப் போச்சு பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தவணை கட்டக் காசு இல்ல, தோடு வாங்கக் காசு இருந்துச்சா மாமா?" என்று கேட்டேன். எடுத்த எடுப்பில், வாசலில் நின்றே கேட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமா கோபப்படவில்லை. "தவணை கம்பெனிக்கும்மா. தோடு எங்கக்கா பேத்திக்கு."

"அக்கா பேத்தி தோடு கேட்டாளா?"

"கேட்டாத்தான் சீரா?"

நாளைக்குக் கிளைக்கு வாருங்கள், எழுதிக் கொடுங்கள், சாவி கிடைத்துவிடும் என்று சொன்னேன். மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. "பாக்கறேன் லா" என்றார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அந்த 'பாக்கறேன்' போதவில்லை. அவர் வரமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு தவணைக்கு எங்கே போவார் என்றும் கவலை.

"காசப் பத்தி நீங்க யோசிக்காதீங்க மாமா. அந்த ஒரு தவணைய நான் கட்டிடறேன். வேணும்னா இந்த ஆறு மாசமும் நானே பாத்துக்கறேன். நீங்க வந்து கையெழுத்து மட்டும் போடுங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி, மரியாதையாகப் பார்த்தார். "சாப்பிட்டுட்டுப் போம்மா," என்றார். அத்தையைக் கூப்பிட்டு இலை போடச் சொன்னார். தானே எனக்குப் பரிமாறினார். பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தார். வழியெல்லாம் என் மகளைப் பற்றியே பேசினார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. மேனேஜர் அந்த வாரம் முழுவதும் கோப்பைத் தன் மேசையிலேயே வைத்திருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். மறுமாதம் லோரி ஏலம் போனது. ஜொகூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், அதில் என்ன ஏற்றினார்கள் என்று தெரியாமலோ தெரிந்தோ, கேட்கவே வெட்கமான விலைக்கு எடுத்துப் போனார். அந்த மாதம்தான் வட்டி இன்னும் இறங்கியிருந்தது. கிளையில் கடன் வாங்க ஆள் கிடைக்காமல் நாங்கள் பேனர் கட்டினோம். மழைக்காலம் வருவதற்குள் காய்ச்சல் அடங்கியது, பசாரில் பன்றிக்கறி மறுபடி தொங்கியது, தவுக்கே பண்ணையைத் திறந்தார். மாமா சொன்னதுபோல டவுனில் சாப்பிடுவதை நிறுத்தவில்லை, கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் நாங்கள் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்க முடியும்.

மாமா ஒரு தொழிற்சாலையில் காவல்காரராகப் போனார். மீதிக் கடனை மாதாமாதம் கிளைக்கு வந்து கட்டினார். மலாய் அக்காவின் மேசையில் கட்டினார். என் மேசைக்கு வந்து "என்னாம்மா, சொகமா?" என்று நின்றபடியே கேட்பார். "உக்காருங்க மாமா" என்றால் "பஸ் இருக்கு" என்பார். என் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் சீர் தவறவில்லை. ஆனால் சீர் வைத்ததும் கிளம்பிவிடுவார். பழைய கேலி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, ஒன்றும் இல்லை. லோரி போன துக்கம், ஊர் ஒதுக்கிய துக்கம் என்று நானாகச் சொல்லிக்கொண்டேன். மத்திய வங்கியையும், தோட்டத்து ஜனங்களையும், மானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற மாமாவையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டேன். அவர் என்மேல் மனத்தாங்கலாக இருக்கிறார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவரும் ஒருநாளும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

பல வருஷம் கழித்து, உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த அந்தப் பெரிய நோய் வந்தபோது, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அத்தை தன் மகனோடு சுங்கை ரம்பாயிலேயே இருந்தார். மகன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பள்ளி மூடியதும் வேன் நின்றுவிட்டது. ஒருநாள் அத்தை போன் செய்தார்.

"ஏம்மா, இவன் வேனுக்குத் தவணை கட்ட வேணாமாமே. போன்ல மெசேஜ் வந்திருக்காம். யாரும் போய்க் கேக்க வேணாமாம், தானாவே நிறுத்திட்டாங்களாம். நெசமா?"

"நெசந்தான் அத்தே. ஆறு மாசத்துக்கு. எல்லாருக்கும்."

"கையெழுத்துகூட வேணாமா?"

"வேணாம் அத்தே."

அத்தை மகனைக் கூப்பிட்டு மெசேஜை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "அவரு காலத்துல இப்படி வரல பாத்தியா," என்றார்.

"வந்து கேட்டிருந்தா அப்பவும் கிடைச்சிருக்கும் அத்தே. மாமாதான் வரமாட்டேன்னுட்டாரு. அவரு ரோஷம்."

"யாரு சொன்னா வரமாட்டேன்னாருன்னு?" அத்தையின் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை, விலாசம் தவறாகச் சொன்னவளைத் திருத்துவதுபோலச் சொன்னார். "உங்க மேனேஜர் போன் பண்ணதுமே கெளம்பிட்டாரு. என் சங்கிலிய அடகு வச்சு ஒரு தவணைக்குக் காசும் கொண்டாந்துட்டாரு. திங்கக்கெழம போறதாத்தான் இருந்தாரு. நீ ஞாயித்துக்கெழம வந்து, நான் கட்டறேன்னு சொன்னே இல்ல, அப்பறந்தான் போவல."

"அவருகிட்டத்தான் காசு இருந்துச்சே அத்தே, அவரே வந்து கட்டியிருக்கலாமே?"

"அதைத்தான் நானும் சொன்னேன். அதுக்கு அவரு, நான் ஒரு தவண கட்டுனா, மிச்சத்த அவ ஆபீஸ் உள்ள உக்காந்துகிட்டு எனக்குத் தெரியாமக் கட்டிடுவா, அவ அப்படிப்பட்டவதான்னாரு. மருமக காசுல ஓடற லோரில எப்படி ஏறுவேன்னாரு."

மாமா என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தார். கட்டியிருப்பேன். அவருக்குத் தெரியாமல், ரகசியமாக, பெருமையோடு கட்டியிருப்பேன்.

"இத்தன வருஷமா ஏன் அத்தே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீ அழுவேன்னாரு." மறுமுனையில் அத்தை மூக்கைத் துடைப்பது கேட்டது. "அழுவாத லா. லோரிதானேம்மா போச்சு."

லோரி மட்டும் போயிருந்தால் நான் அழுதிருக்கமாட்டேன்.